அருவியை அடக்கிய பட்டன்

"ஸார், வாங்குன ரேடியோவுல இருந்து ஒரு ஸ்டேஷன மட்டும் கடைக்காரரு திரும்பப் புடுங்கிட்டுப் போவ முடியுமா?"

தென்காசியில் நான் அறிவியல் வாத்தியாராக இருந்தபோது, மேசைமேல் ரேடியோவைப் பிரித்துப் போட்டுப் பாடம் நடத்திய அன்று ஒரு மாணவி கேட்டாள். "ஏட்டி, மாட்ட வித்தவன் அதுல ஒத்தக் கால மட்டும் திரும்பக் கேப்பானா?" என்றேன். வகுப்பே சிரித்தது.

அந்தக் கேள்வி இப்போது என் காதில் வந்து உட்கார்ந்திருக்கிறது...

எனக்கும் என் மனைவி செண்பகத்துக்கும் ஒரு வழக்கம். சாரல் தொடங்கியதும் மேலகரத்திலிருந்து பஸ் ஏறிக் குற்றாலம் போவோம். குளித்துவிட்டு அருவிக்குப் பக்கத்திலேயே உட்காருவோம். வீட்டில் சொல்ல முடியாததை அவள் அங்கேதான் சொல்லுவாள். என் காதோடு வாய் வைத்தால் எனக்கு மட்டும் கேட்கும். மற்றவர்களுக்கு அருவிதான் கேட்கும்.

"மருமவ கொழம்புல உப்பே இல்ல. நீங்க என்னத்துக்கு ஆகா ஓகோன்னீங்க?"

எனக்குக் காது மந்தமானதும் அந்தப் பேச்சு நின்றது.

பிறகு மகன் காது மிஷின் வாங்கித் தந்தான். போனில் அதற்கொரு ஆப். அதில் ஒரு பட்டனை அமுக்கினால் அருவி அடங்கும், அவள் குரல் மேலே வரும். அந்த சீசன் முழுக்கப் பேசித் தீர்த்தாள்...

இந்தச் சாரலுக்கு முன்னால் ஆப் தானாக அப்டேட் ஆனது. பட்டனைக் காணோம்.

மிஷின் விற்ற தம்பியிடம் போனேன்.

"பேட்டன்ட் கேஸு ஸார். இது எங்க ஐடியான்னு இன்னொரு கம்பெனிக்காரன் சண்டைக்கு நிக்கான். நம்ம மிஷினு செஞ்ச கம்பெனிக்காரன் பட்டனையே தூக்கிட்டான்."

"வேற ஆப்பு போட்டுத் தாங்களேன்."

"அவன் மிஷினு அவன் ஆப்போட மட்டுந்தான் சேரும் ஸார்."

"நான் வாங்குனதுல்லா?"

"மிஷினு ஒங்களுது ஸார். பட்டன் அவனுது."

இந்தச் சாரலுக்கும் போனோம். அதே இடம். செண்பகம் என் காதோடு குனிந்து வெகுநேரம் ஏதோ சொன்னாள். அருவிதான் கேட்டது.

"என்ன சொன்ன?" என்று கத்தினேன். குளிக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அருவித் தண்ணீரா, கண்ணீரா, தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல... வாங்க போவோம்."

வீட்டுக்கு வந்து கேட்டேன். "அங்கன சொன்னத இங்கன சொல்ல முடியுமா?" என்றாள். எழுதிக் காட்டச் சொன்னால், "இதென்ன பரீட்சையா?" என்கிறாள்.

அந்தக் காலத்து ரேடியோ பழுதானால் யாராவது சரிபண்ணித் தருவார்கள். இது பழுதாகவே இல்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யாரிடம் போய் நிற்க?

அந்த மாணவி எந்த ஊரில் இருக்கிறாளோ... முடியும் தாயி, முடியும்.

நண்பர்களே, ஒன்று செய்து பாருங்கள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு அதன் பக்கத்தில் நின்று, உங்கள் வீட்டுக்காரரையோ வீட்டுக்காரியையோ மெதுவாக ஏதாவது பேசச் சொல்லிக் கேளுங்கள்.