கொலு ரயிலும் சின்னத் தாத்தாவும்

திலக் நகரில் நவராத்திரி ஒன்பது நாளும் சாயங்காலமானால் எங்கள் தமிழ் ஜனங்கள் வாசற்கதவைச் சாத்தமாட்டார்கள். கொலு வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? அந்த வருஷம் பார்த்துத்தானா சின்னத் தாத்தா எங்கள் வீட்டில் வந்து தங்க வேண்டும்!

சின்னத் தாத்தா அம்மாவின் சித்தப்பா. இளவயதில் மலேயாவுக்குப் போய்க் கம்யூனிஸ்டானவர். யுத்தத்தின்போது காட்டில் ஒளிந்திருந்து ஜப்பான்காரனின் ரயில்களைக் கவிழ்த்தவர். அதுவரை பெருமைதான். பிறகு உளவு பார்த்தார் என்று தண்டனையாகிப் பல வருஷம் ஜெயிலில் இருந்தார். யாருக்காகப் பார்த்தார் என்பதில் வீட்டில் இரண்டு அபிப்பிராயம். வெளியே மூச்சுவிடக் கூடாது என்பதில் ஒன்றே ஒன்றுதான். அப்பாவுக்கு சர்க்கார் உத்தியோகம், அதுவும் ரகசிய இலாகா. தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் யார் வந்தாலும் தாத்தா உள்ளறைக்குள் போய்விட வேண்டும் என்று ஏற்பாடு. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் ஓடிப் போய் உள்ளறைக் கதவைப் பார்ப்பேன்.

அன்று சாயங்காலம் வந்தது அப்பாவின் மேலதிகாரி வீட்டு மாமி. அம்மா தாம்பூலம் கொடுக்கத் தாம்பாளத்தை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து, கொலுவுக்குக் கீழே தம்பி சாவி கொடுத்து விட்ட தகர ரயில் வளைவில் புரண்டது.

"ஐயோ, ரயில் கவுந்துடுத்து!" என்று கத்தினான்.

இது காதில் விழுந்தபின் தாத்தாவால் உள்ளே இருக்க முடியுமா? வந்தேவிட்டார். குந்தி உட்கார்ந்து தண்டவாளத்தைத் தடவிப் பார்த்தார்.

"இந்த ஜாயிண்ட் லூஸுடா கண்ணா. யார் வேணா கவுத்துடலாம்."

"மாமா ரயில்வேல இருந்தேளா?" என்று மாமி கேட்டாள்.

"ரயில் பக்கத்துலயே இருந்தேம்மா."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"எத்தனை நாள் இருப்பார்?" என்று மாமி அம்மாவிடம் விசாரித்தாள்.

"நாளைக்கே கிளம்பறார், மாமி."

இனி இங்கேயே இருங்கோ சித்தப்பா என்று அவரிடம் சொல்லியிருந்ததும் அம்மாதான்.

தாத்தா நிமிரவில்லை. "ஆமாம், காலம்பறவே போயிடுவேன்," என்றார். தண்டவாளத்தை அழுத்திப் பொருத்திவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை இரண்டு வேட்டியைப் பையில் திணித்துக்கொண்டு புறப்பட்டார். டோம்பிவிலியில் தெரிந்தவர் ஒருவர் இருப்பதாகச் சொன்னார். யார் என்று அம்மா கேட்கவில்லை. பால்கனியில் நின்று அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை. மாமியிடம் பொய் சொல்லி அம்மா மாட்டிக்கொள்ளப் போகிறாளே என்று நான் பயந்துகொண்டிருந்தேன். நல்லவேளை, அம்மா சொன்னபடியே தாத்தா போய்விட்டார் என்று எனக்கு ஒரே நிம்மதி.