ஸ்கேன் ஹுமாயூனும் ஒரு கை அக்காரவடிசிலும்

இராஜபாளையத்துக்கு ஸ்கேன் மிசின் வருவதற்கு முன்னால் ஹுமாயூனிடம் இருந்ததெல்லாம் ஒரு டார்ச் லைட். அப்போது அவர் கம்பவுண்டர். வீக்கத்தின் மேல் டார்ச்சை அழுத்தி அடிப்பார். சிவப்பாக ஒளிர்ந்தால் உள்ளே நீர், இருட்டாகவே நின்றால் கட்டி. மதுரையில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்த பிறகு வெளிச்சத்தின் இடத்தில் சத்தம் வந்து உட்கார்ந்தது. காதுக்கு எட்டாத சத்தத்தை வயிற்றுக்குள் அனுப்பி, அது முட்டித் திரும்புவதைத் திரையில் படமாகப் பார்க்கிற வேலை. சோழபுரத்துக் கிணற்றின் மேல் அந்தக் கருவியை வைத்து, உள்ளே எத்தனை தவளை, அதில் எத்தனை கர்ப்பம் என்று சொல்லிவிட்டார் என ஊரில் ஒரு பேச்சு. அவர் அதை மறுக்கவேயில்லை.

தொண்ணூற்றிரண்டில், மார்கழி இருபத்தேழாம் நாளான கூடாரவல்லியன்று, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மரகதவல்லி அம்மாள் வயிற்றுவலியோடு வந்து படுத்தார். கணவர் அழகியமணவாளன் கோயில் மடைப்பள்ளியில் கைங்கரியம் செய்பவர். வாசலில் பத்துப் பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எதுவும் சாப்டீங்களாம்மா?" என்று கேட்டார் ஹுமாயூன்.

"பச்சத் தண்ணிகூடப் படல. வெறும் வயிறுதான்."

ஜெல்லைத் தடவிய உதவிப்பெண் வெள்ளைத்தாய் மூக்கைச் சுளித்தாள். "அண்ணே, நெய் வாசமால்லா வருது."

"ஏட்டி, ஒனக்கு எப்பவும் திங்கிற நெனப்புதான்!"

வாசலில் சிரிப்பு. அந்தச் சிரிப்பின் மிதப்பிலேயே கருவியை நகர்த்தினார். பட்டினி வயிற்றில் பித்தப்பை பேரிக்காய்போலக் கறுப்பாக நிறைந்து தெரிய வேண்டும். இங்கே தடித்த சுவரோடு காய்ந்த சுண்டைக்காயாகக் கிடந்தது. "பித்தப்பை கெட்டுப்போச்சு சாமி. எடுத்துர வேண்டியதுதான்" என்றார், வாசலுக்கும் கேட்கும்படி. வாரம் இரண்டு நாள் வருகிற டாக்டர், அவர் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டார். மதுரையில் ஆபரேஷனுக்கு வெள்ளிக்கிழமை குறித்தார்கள்.

மறுநாள் அழகியமணவாளன் தொன்னையோடு வந்து நின்றார்.

"பாய், நேத்தைய அக்காரவடிசில். இருபத்தாறு நாள் பாலும் நெய்யும் தொடாம நோன்பு இருந்தா. நேத்துக் காலம்பற ஒரு கை பிரசாதம் வாங்கிண்டுதான் பஸ் ஏறினா. ஒங்களுக்கும் எடுத்து வெக்கச் சொன்னா."

தொன்னையிலிருந்து நெய் வழிந்து ஹுமாயூனின் மணிக்கட்டில் இறங்கியது. நெய் உள்ளே போனால் பித்தப்பை சுருங்கித் தன் நீரை வெளியே தள்ளிவிடும். அது நோயில்லை, ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். அந்த அம்மாள் பொய்யும் சொல்லவில்லை. பிரசாதத்தை யார் சாப்பாட்டில் சேர்ப்பார்கள்? 'சாப்பிட்டீர்களா' என்று கேட்காதே, 'ராத்திரியிலிருந்து வாயில் என்ன போட்டீர்கள்' என்று கேள் — படிப்பின் முதல் பாடமே அதுதான். வெள்ளைத்தாயின் மூக்குக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "மிசின்ல சின்னக் கோளாறு சாமி. நாளைக்குப் பிரசாதம்கூட எடுக்காமக் கூட்டிட்டு வாங்க."

வியாழக்கிழமை பித்தப்பை பேரிக்காய்போலப் பளிச்சென்று நின்றது. கல் இல்லை, தடிப்பு இல்லை.

அழகியமணவாளன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்து உட்கார்ந்த மரகதவல்லி அம்மாள், மிசினை மாட்டைத் தடவுவதுபோலத் தடவினார். "பாவம், வாயில்லாதது. அதுக்குத் திருஷ்டி பட்டிருக்கும். சுத்திப் போடுங்கோ பாய்."

வாசலில் அதே கூட்டம். வெள்ளைத்தாய் ஜெல்லைத் துடைத்தபடி அவரைப் பார்க்காமல் நின்றாள்.

"மிசின் மேல தப்பில்லம்மா." ஹுமாயூனுக்குக் காது சுட்டது. "நாந்தான் சரியாக் கேக்கல. நெய் வாசம்னு இவ சொன்னா, இவளையும் கேலி பண்ணிட்டேன். நாளைக்கு ஒங்க வயித்தக் கிழிச்சிருப்பாங்க."

வாசலில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அந்த அம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார். "அப்போ பிரசாதத்தையும் கேட்டுடுங்கோ, அடுத்த தடவை" என்றார். கோபமாகச் சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை.

ஒவ்வொரு கூடாரவல்லிக்கும் அந்த வீட்டிலிருந்து தொன்னை வந்துகொண்டிருந்தது. வெள்ளைத்தாய்தான் வாசலுக்குப் போய் வாங்குவாள். அவர் உள்ளே ஏதோ ஒயரைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்.