கோழிப் படம் சுவர்ப் பக்கம்

திருப்பதியில் நான் வைத்திருப்பது நாய், பூனை, மீன், லவ் பேர்ட்ஸ் இவற்றுக்குத் தீனியும் சாமானும் விற்கிற சின்னக் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். இந்தக் கடையில் அதிகம் விற்கிற பொருளை யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்திருந்தேன். சென்னையிலிருந்து வரும் கம்பெனி சேல்ஸ்மேன் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். "அக்கா, ஓடற ஐட்டத்தை கண்ணு மட்டத்துல வைங்க, ஓடாததை கீழ தள்ளுங்க. இதைக்கூடவா சொல்லித் தரணும்?" என்பார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு ரயிலேறிப் போய்விடுவார். மாடியில் குடியிருக்கும் ஓனருக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான் அல்லவா!

ஓனர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். நெற்றியில் நாமம் இல்லாமல் படி இறங்க மாட்டார். தெலுங்குக்காரர்தான், ஆனால் என்னைப் போன்ற நகரிப் பக்கத்துத் தமிழ் ஆட்களிடம் தமிழில் பேசுவார். கடையை வாடகைக்கு விடும்போது பதினோரு மாத அக்ரிமெண்டில் தன் கைப்பட ஒரு வரி சேர்த்தார். கடைக்குள் மாமிசம் எதுவும் வைக்கக் கூடாது, மீறினால் காலி செய்ய வேண்டும். நாய்த் தீனிக் கடையில் மாமிசம் இல்லாமல் மண்ணையா விற்பது? என் வீட்டுக்காரர் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். வாரம் ஒருமுறைதான் வீடு. அவர், "பாக்கெட்டுல இருக்கறது மாமிசமா இன்னா? பிஸ்கோத்து மாதிரி இருக்குது. போடு கையெழுத்த" என்றார். போட்டுவிட்டேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வழியே வேண்டாம், உட்கார்ந்த இடத்திலேயே பயம்.

அதனால் என் கடையின் அலங்காரம் முழுக்க அந்த ஒரு வரிக்குப் பயந்து செய்தது. வாசலுக்கு நேராக மீன் தொட்டி. ஓனர் எட்டிப் பார்த்தால் தங்க மீன்தான் தெரிய வேண்டும். பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கலர் பந்துகள். அலமாரிக்குப் பணமில்லாமல் பங்காருபாளையம் மண்டியில் பழைய மாம்பழப் பெட்டிகளை வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அடித்திருந்தேன். அதில் முதல் வரிசையில் காய்கறித் தீனி. அது விற்கவே விற்காது, ஆனால் பார்க்க லட்சணமாக நிற்கும். அதன் பின்னால் கோழி பாக்கெட்டுகள், படம் சுவர்ப் பக்கம் திரும்பியபடி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், தெரியும். கல்லாவுக்கு அடியில் மீன் தீனி அட்டைப்பெட்டி, அதன் பின்னால் என் சாப்பாட்டுக் கேரியர். கருவாட்டுக் குழம்பு இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. மீன் தீனியின் வாடையில் அது தனியாகத் தெரியாது என்று கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

வாங்குகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எங்கள் தெருவில் பாதி வீடு சைவம். நாய்க்கு அது தெரியுமா? வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "அது இருக்கா?" என்பார்கள். கோழி என்ற சொல் வாயில் வராது. சனிக்கிழமை என்றால் "அது" என்பதும் வராது, கண்ணை மட்டும் காட்டுவார்கள். நான் செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பேன்.

அக்ரிமெண்டைப் புதுப்பிக்கும் நேரம் நெருங்கியபோதுதான் ஓனர் தினமும் கடைக்கு வர ஆரம்பித்தார். காலையில் நடந்துவிட்டுத் திரும்பும்போது உள்ளே நுழைவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மீனைப் பார்ப்பார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டிகள் பக்கம் நகர்வார்.

"இன்னா சார், எதுனா வேணுமா?"

"ஏமி லேதம்மா, ஒண்ணுமில்ல. சும்மா."

சும்மாவாம்! சும்மா வருகிறவர் எதற்குக் குனிந்து அடித்தட்டைப் பார்க்க வேண்டும்? பக்கத்து டிபன் சென்டர்காரருக்கு என் கடைமேல் ஒரு கண். நடுச்சுவரை இடித்தால் இன்னும் நாலு மேசை போடலாம். அவரும் அந்த நாட்களில் அடிக்கடி மாடிக்குப் போய்வந்தார். எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. அவர் போட்டுக் கொடுக்கிறார், இவர் சாட்சி தேடுகிறார்.

அன்று மத்தியானமே கோழி பாக்கெட்டுகளை மேல் தட்டிலிருந்து, அவர் பார்த்து முடித்த அடித்தட்டுக்கு மாற்றினேன். மறுநாள் ஓனர் நேராக அடித்தட்டுக்குப் போனார். பூனை மணல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்தேன். மறுநாள், இந்த வயதில், மூட்டையின் காதைப் பிடித்து நகர்த்திப் பார்த்தார். "இடுப்பு புடிச்சிக்கப் போவுது சார்" என்றேன். "பரவால்லம்மா" என்று மூச்சு வாங்கினார். அடப்பாவி மனுஷா, ஒரு குடும்பத்தை வெளியேற்ற இவ்வளவு மெனக்கெடுவார்களா? போனில் வீட்டுக்காரரிடம் சொன்னால், "உனுக்கு எல்லாத்துலயும் டவுட்டு. சும்மா கெட" என்றார். சும்மா கிடந்தால் நாளைக்கு இந்தச் சாமான்களை எங்கே கொண்டு கொட்டுவதாம்? நகையை அடகு வைத்துப் போட்ட கடை அது.

தெரு ஓய்ந்திருந்த ஒரு பகலில் ஓனர் மறுபடி வந்தார். இந்த முறை மீனைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏமம்மா, கோழி படம் போட்ட பாக்கெட்டு எங்க வெச்சிருக்கே?"

"அய்ய, அதெல்லாம் நம்ம கடையில ஏது சார்? சத்தியமா இல்ல."

அவர் முகம் விழுந்துவிட்டது. கையும் களவுமாகப் பிடிக்க முடியாத ஏமாற்றம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் போகவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"நாய் துன்ன மாட்டேங்குதும்மா. தயிர் சாதம் வெச்சா மூஞ்ச திருப்பிக்குது. டாக்டரு மாமிசம் கலந்தது குடு, இல்லன்னா தேறாதுன்னுட்டாரு. எத்தனை நாளா வந்து தேடறேன். இருந்தா எந்த மூலைன்னு மட்டும் சொல்லு. நானே எடுத்துக்கறேன். நீ குடுத்ததா இருக்க வேணாம்."

அவர் வீட்டு நாயை எனக்குத் தெரியும். தெருவிலிருந்து வந்த பழுப்பு நாய். மாடிப்படியின் கம்பிக் கதவு எப்போதும் பூட்டியிருக்கும். அதன் வழியாக மூக்கை நீட்டிக்கொண்டு படுத்திருக்கும். விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது உண்மைதான். இருந்தாலும் என் புத்தி விடவில்லை. இது பொறியாக இருந்தால்? என் கையாலேயே எடுத்துக் கொடுக்க வைத்து, "பாத்தியா" என்று கேட்டால்? பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதையென்று மிதிக்கவும் முடியவில்லை. கடைசியில் அந்த ஈரக் கண்ணைப் பார்த்து ஒரு பாக்கெட்டை எடுத்தேன்.

"இது கம்பெனிக்கு திருப்பி அனுப்ப வெச்சது சார். எப்படியோ தங்கிப்போச்சு."

"தெரியும், தெரியும்" என்று வாங்கி, கையிலிருந்த பூக்கூடையில் துளசிக்கு அடியில் செருகிக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "எங்க வீட்டு அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா என்னை பூஜை ரூமுக்குள்ளயே விடமாட்டா."

அவ்வளவு நாளும் இதற்குத்தானா! அவர் தேடத் தேட நான் ஒளித்தேன், நான் ஒளிக்க ஒளிக்க அவர் குனிந்து தேடினார். சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. அன்றே அவருக்கென்று ஒரு இடம் ஒதுக்கினேன். வாசலுக்கு இடது பக்கம், தினை டப்பாவின் பின்னால், குனியாமல் கை எட்டும் உயரம். அவர் மீனைப் பார்த்தபடியே இடது கையை நீட்டி எடுத்துக்கொள்வார். வாத்தியார் இதில் சீக்கிரமே தேர்ந்துவிட்டார்.

நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஓனரின் மனைவி, மொட்டை மாடிக் குருவிகளுக்குத் தினை வாங்க வந்தார். தினை டப்பா எங்கே இருக்கிறது! நான் பாய்ந்து போய் நானே அள்ளிக் கொடுத்தேன். அம்மா போகாமல் நின்றார். முந்தானையைத் திருகினார்.

"ஏமம்மா, நாய்க்கு... அது... வெச்சிருக்கியாமே. எதிர் வீட்டுல சொன்னாங்க."

"எதும்மா?"

"அதான்மா, அது. புள்ள மாதிரி வளத்துட்டு பட்டினியா பாக்க முடியல. பெருமாள் மன்னிப்பாரு. அவரு மன்னிக்க மாட்டாரு. அவருக்கு மட்டும் தெரியாம குடு."

அடக் கடவுளே! என்ன சொல்வது நான்? அவர் ரகசியத்தை இவரிடம் சொன்னால் அவர் காலி செய்யச் சொல்வார். இல்லை என்று சொன்னால் இவர் அவரை அப்படிச் சொல்ல வைப்பார். அம்மாவுக்கும் ஒரு இடம் கொடுத்தேன். வலது பக்கம், லவ் பேர்ட்ஸ் கூண்டுக்கு அடியில், பழைய சாக்கு போட்டு மூடியபடி. இடது பக்கம் அய்யா, வலது பக்கம் அம்மா, நடுவில் நான், என் எதிரே ஒன்றும் அறியாத தங்க மீன்கள். ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் படி இறங்கும் சத்தம் கேட்டால் சாக்கை இன்னொரு முறை இழுத்து மூடுவேன்.

நாய் இரண்டு பங்கு தின்றது. ஒரு மாதத்தில் கம்பிக் கதவுக்குள் மூக்கு போவதே கஷ்டமாகிவிட்டது. "தயிர் சாதம்தாம்மா, வேற ஒண்ணும் இல்ல, உடம்புல ஒட்டிடுச்சு" என்று அய்யா ஒரு கஸ்டமரிடம் பெருமையாகச் சொன்னார். அம்மாவோ ஒருநாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். "அவரு தினமும் உன் கடைக்கு எதுக்கு வராரு?"

"மீன் பாக்கறாரு அம்மா. மனசுக்கு நல்லதாம்."

"அப்படியா" என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்ரிமெண்டில் கையெழுத்துப் போடும் நாள் வந்தது. முந்தின நாள்கூட டிபன் சென்டர்காரர் மாடியிலிருந்து சிரித்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்திருந்தேன். காலையில் அம்மா வந்து ஒரு சிவப்புக் கழுத்துப் பட்டியும் கயிறும் வாங்கிப் போனார். நாயைப் படி தாண்ட விடாதவர்களுக்குக் கயிறு எதற்கு? கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். பதற்றத்தில் சாப்பாட்டுக் கேரியரைத் திறக்கக்கூடத் தோன்றவில்லை.

மத்தியானம் இருவரும் வந்தார்கள். அய்யா கையில் பேப்பர், அம்மா கையில் கயிறு, கயிற்று முனையில் நாய். உள்ளே கால் வைத்ததும் நாய் மூக்கைத் தூக்கியது. நேராக இடது பக்கம் போய்த் தினை டப்பாவின் முன்னால் உட்கார்ந்து வாலை ஆட்டியது. அம்மா டப்பாவை நகர்த்தினார். கோழி அவரைப் பார்த்தது.

"பாத்தீங்களா! எனக்கு அப்பவே தெரியும். மீன் பாக்கறாராம் மீனு! நம்பறதுக்கு நான் பச்சக் கொழந்தையா?"

அய்யா தலை குனிந்தார். ஆனால் நாய்க்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? கயிற்றோடு அம்மாவையும் இழுத்துக்கொண்டு வலது பக்கம் போய், கூண்டுக்கு அடியில் தலையை விட்டு, சாக்கை உதறி, ஒரு பாக்கெட்டைக் கவ்விக்கொண்டு வந்தது. அய்யா மெதுவாகக் கண்ணாடியை மாட்டினார்.

"ஏமே, இது யாருது?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மீனைப் பார்த்தேன்.

அய்யா ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். "மாமிசம் வைக்கக் கூடாதுன்னு நானே எழுதியிருக்கேன். வாத்தியாரா இருந்தவன் நான். தப்புன்னு தெரிஞ்சே கணக்குக்கு ரைட்டு போட முடியாதும்மா."

போச்சு. என் மீன் தொட்டி இருந்த இடத்தில் டிபன் சென்டர் மேசையும் அதன்மேல் சாம்பார் வாளியும் என் கண்ணுக்கே தெரிந்தன. அவரைக் கும்பிடலாமா, சண்டைக்கு இழுக்கலாமா என்று யோசிக்கும்போது அம்மாதான் வாயைத் திறந்தார்.

"மாமிசம்னு மொட்டையா எழுதினா? மனுஷங்க துன்ற மாமிசம்னு எழுதுங்க. நாய் துன்றத யாரு கேட்டாங்க?"

அய்யா பேனாவைத் திறந்து, 'மனிதர் உண்ணும்' என்று வரிக்கு மேலே சின்ன எழுத்தில் சேர்த்து, தன் கையெழுத்தைப் போட்டார். "இப்போ கரெக்டு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு பேனாவை வாங்கினேன். அப்போதுதான் கவனித்தேன், நாயைக் காணோம். கல்லாவுக்கு அடியிலிருந்து வால் தரையில் அடிக்கும் சத்தம் கேட்டது. மீன் தீனிப் பெட்டியைத் தள்ளிவிட்டு, அதன் பின்னால் இருந்த என் கேரியரின் முன்னே, இதுவரை உட்காராத மரியாதையோடு உட்கார்ந்திருந்தது.

"அது என்னம்மா?" என்றார் அம்மா.

"மீன் தீனி அம்மா."

அய்யா நாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தான் இப்போது எழுதிய வரியை இன்னொரு முறை படித்தார்.

"மீன் தீனிதானா?"

"சத்தியமா மீன் தீனிதான் சார்."

"சரேலே, இருக்கட்டும்" என்று எழுந்து, அம்மாவிடமிருந்து கயிற்றை வாங்கி நாயை இழுத்தார். "சீக்கிரம் கையெழுத்த போடும்மா. நீ சாப்பிடற நேரம் தாண்டிப் போச்சு."