பேனாவில் இல்லாத புள்ளிகள்

கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் என் கணவர் கொழும்புக்குப் போனார். நாடு விடுதலை பெற்றதற்கு மறு வருடம் அது. அருமனைக்குப் பக்கத்தில், வீட்டோடு ஒட்டிய ஓலைக் கொட்டகையில் அவருக்கு ஒரு கடைசல் பட்டறை இருந்தது. கட்டில் கால், தொட்டில் குமிழ் எல்லாம் கடைவார் என்றாலும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மையில் தொட்டு எழுதும் கட்டைப் பேனாதான் நிலையான வேலை. கொழும்பில் ஒரு நாற்காலிக் கடைக்குக் கடைசல்காரர் வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் வந்து சொன்னார். இரண்டு வருடத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு இவர் கிளம்பினார்.

பட்டறையை நான் எடுத்துக்கொண்டேன். ஒன்றரை வருடம் அவருக்குக் கயிறு இழுத்துக் கட்டையைச் சுற்றவிட்டவள் நான். உளியை எங்கே சாய்க்கிறார், எங்கே கையை விலக்குகிறார் என்பதெல்லாம் பார்த்தே பழகியிருந்தது. இப்போது மாமியார் கயிறு இழுத்தார், நான் உளி பிடித்தேன். கடைவது சீக்கிரமே கைவந்தது. பாலிஷ்தான் வரவில்லை. அவர் பாலிஷ் போடும் நேரத்தில் நான் எப்போதும் அடுக்களையில் இருந்திருக்கிறேன்.

எடவப்பாதி மழை பிடித்த வாரத்தில் குலசேகரத்துக் கடைக்காரர் இரண்டு கட்டுப் பேனாக்களைத் திருப்பி அனுப்பினார். பளபளப்பின் மேல் பால் ஆடை படிந்ததுபோல ஒரு வெண்மை. துடைத்தால் போகவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கடைக்காரர் வேண்டாமென்ற பேனா ஒன்றை எடுத்து, இப்படி ஆகிவிட்டது, என்ன செய்ய என்று கொழும்புக்கு எழுதினேன்.

பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது. நாலு பக்கம். வீட்டில் இருந்தபோது ஒரு நாள் முழுவதும் அவர் பேசியதைக் கூட்டினாலும் நாலு பக்கம் வராது. எந்த நேரத்தில் பாலிஷ் போட்டாய், அப்போது மழை பெய்ததா, கொட்டகையின் கிழக்குச் சுவர் இந்த வருடமும் ஈரம் கசிகிறதா, நீ எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டுக்கொண்டே போயிருந்தார். பாலிஷுக்காக அவலரக்கைக் கரைத்த ஸ்பிரிட் ஆவியாகும்போது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதுதான் வெண்மை. வெயில் தெளிந்த நாளில், துணியில் ஸ்பிரிட்டைச் சொட்டளவு தொட்டு லேசாகத் தடவினால் போய்விடும். இவ்வளவுதான் விஷயம். இதற்கு நாலு பக்கம் எழுதியிருந்தார்.

அவர் சொன்னபடி செய்தேன், வெண்மை போயிற்று.

மாமியாருக்கு எழுத்து தெரியாது. கடிதம் வந்தால் நான் உரக்கப் படிக்க வேண்டும், அவர் காலை நீட்டி உட்கார்ந்து கேட்பார். ஆகவே கணவரும் நானும் பேனாவைப் பற்றி மட்டுமே எழுதிக்கொண்டோம்.

அடுத்து வந்தது குழி. பாலிஷ் சில இடங்களில் ஒட்டாமல் விலகி, அம்மைத் தழும்பு போலச் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழுந்தன. எழுதினேன். அவருடைய பதிலைப் பாதி படித்தபோது நிறுத்திவிட்டேன். “தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு பாலிஷ் துணியைத் தொட்டிருப்பாய். பின்னல் முன்னால் விழும்போதெல்லாம் இடது கையால் தள்ளிக்கொண்டே வேலை செய்வாயே, அது எனக்குத் தெரியும்” என்று எழுதியிருந்தார்.

“ஏன் மக்களே நிறுத்திட்ட? பொறவு என்ன எழுதியிருக்கான்?” என்று மாமியார் கேட்டார்.

சாம்பல் போட்டுக் கை கழுவச் சொல்லியிருக்கிறார் என்றேன். அன்றைக்கு நான் எந்தக் காரியமும் உருப்படியாகச் செய்யவில்லை. கடல் தாண்டி எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் என் இடது கையை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதே நாள் முழுக்கப் போதுமானதாக இருந்தது.

இரண்டாவது வருடம் முடியும்போது பேனாக்களில் குறை ஏதும் இல்லை. உப்புத்தாளைக் குறுக்கே தேய்த்தால் வளையம் வளையமாகக் கீறல் தெரியும், கடைசித் தேய்ப்பை மரத்தின் ரேகையோடு நீளவாக்கில் செய்ய வேண்டும். பழைய பாலிஷ் காயாமல் விரலில் ஒட்டும், அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். எல்லாம் தெரிந்துவிட்டது. வேலை நன்றாக நடக்கிறது என்று எழுதினேன். ஆறு வரியில் பதில் வந்தது. சுகம், சுகமறிய ஆவல், அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது. வருகிறேன் என்ற பேச்சே அதில் இல்லை.

அதற்கடுத்த கடிதத்தில் நான் பொய் எழுதினேன். ஈட்டி மரத்துப் பேனாக்களில் கறுப்புப் புள்ளிகள் விழுகின்றன என்றேன். நாலு பக்கம் வந்தது. அதைச் செய்தும் போகவில்லை என்றேன். ஐந்து பக்கம் வந்தது. ஏழெட்டு மாதம் இப்படியே போயிற்று. படிக்கையில் சந்தோஷமாக இருக்கும், மடித்து வைக்கையில் கூசும்.

ஒரு மத்தியானம் அவர் வாசலில் நின்றார். இளைத்திருந்தார். முதலாளியிடம் கெஞ்சி இருபது நாள் விடுப்பு வாங்கி, கப்பலிலும் ரயிலிலும் பஸ்ஸிலும் மாறி மாறி வந்திருந்தார். பையில் புது அவலரக்கும் மெல்லிய உப்புத்தாளும் இருந்தன. முகம் கழுவிய கையோடு கொட்டகைக்குள் போய்ப் பேனாக்களை ஒவ்வொன்றாக வெயிலில் திருப்பிப் பார்த்தார். முப்பது நாற்பது பார்த்திருப்பார்.

“எங்கட்டி புள்ளி? ஒண்ணும் காணலியே.”

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “இல்ல” என்றேன்.

“இல்லாத புள்ளிய எதுக்கு எழுதுன?”

“அப்பம்தான நீங்க நாலு பக்கம் எழுதுவீங்க.”

சிரிப்பார் அல்லது திட்டுவார் என்று நினைத்தேன். கையிலிருந்த பேனாவை வேட்டி நுனியில் துடைத்து அடுக்கில் வைத்தார். “ஒரு வரியில முடியுத பதில நானும் நாலு பக்கத்துக்கு இழுத்தேன்லா” என்றார். மாமியார் கிணற்றடியில் இருந்தார். அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது.

இருபது நாளும் முடிந்து அவர் போனபின் முதல் கடிதம் வந்தது. வழக்கம்போலப் பிரித்துப் படிக்க உட்கார்ந்தேன். மாமியார் எழுந்துகொண்டார். “நீயே படி மக்களே. அவன் சுகமா இருக்கானான்னு மட்டும் எனக்குச் சொன்னாப் போதும்” என்று சொல்லிவிட்டுத் தென்னந்தோப்புப் பக்கம் போனார்.

அன்று என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஆனது. காகிதத்தை வைத்துக்கொண்டு, பேனாவில் தொட்ட மை காயும்வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில், மழை விட்டது, மூன்று கட்டுப் பாலிஷ் போட்டேன், எதிலும் புள்ளி இல்லை, நீங்கள் வரவேண்டும் என்று எழுதினேன்.

இரண்டு வருடம் என்று சொன்னது எட்டானது. நடுவில் வந்து போனது அந்த ஒருமுறைதான். எங்கள் தாலுகாக்கள் தமிழ் மாநிலத்தோடு சேர்ந்த வருடம் ஒரேயடியாக வந்தார். அந்த இருபது நாளுக்குப் பின் பிறந்த மகள் அவரைக் கண்டு என் பின்னால் ஒளிந்தாள். வந்த மறுநாளே அவர் உளியை எடுத்தார், நான் பாலிஷுக்கு உட்கார்ந்தேன். முடித்த பேனாவை நீட்டினால் பார்த்துவிட்டுத் தலையசைப்பார், பேச மாட்டார். பழையபடி ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைதான்.

குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. நான் எட்டு வருடம் காத்திருந்த மனிதர் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் கொழும்பிலிருந்து எனக்கு நாலு பக்கம் எழுதியவர் எங்கோ தங்கிவிட்டதுபோல இருந்தது. இதை நான் அவரிடம் சொன்னதில்லை. தபால்காரர் எங்கள் வாசலைக் கடந்து போகையில் மட்டும் பாலிஷ் துணியோடு கை அப்படியே நிற்கும்.