வெம்ப்ளியில் அண்ணன், சன்னிவேலில் நான்

அண்ணனுக்கு ஹார்ட் அட்டாக் வந்தது பிப்ரவரியில். அவருடைய ஃபுட்பால் டீம் வெம்ப்ளி ஃபைனலுக்குத் தகுதி பெற்றது மே மாதத்தில். இடைப்பட்ட மாதங்களில் அண்ணி இங்கிலாந்திலிருந்து எனக்குப் போன் செய்தபோதெல்லாம் இந்த இரண்டில் ஒன்றைப் பற்றித்தான் பேச்சு.

அண்ணன் வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் குடும்ப டாக்டர். இருமல், முதுகுவலி, ரத்தக் கொதிப்பு என்று வருகிறவர்களைப் பார்ப்பது அவர் வேலை. அங்கே போய்ச் சேர்ந்த புதிதில் நோயைத் தவிர வேறெதைப் பற்றியும் அவரிடம் யாரும் வாய் திறக்கவில்லையாம். ஒரு சனிக்கிழமை, மூச்சிரைப்புக்கு மருந்து வாங்க வந்த பஸ் டிரைவர் ஒருவர், "மத்தியானம் சும்மாதானே இருப்பீங்க டாக்டர்?" என்று கேட்டு மைதானத்துக்கு அழைத்துப் போனார். அன்று உள்ளூர் டீம் தோற்றது. ஆனாலும் அடுத்த ஆட்டத்துக்கு அண்ணன் தானாகவே போய் நின்றார். அதற்கப்புறம் அந்த ஊரில் அவருக்குப் பேச்சுத்துணைக்குப் பஞ்சமே இருக்கவில்லை.

நான் எம்.எஸ்ஸி. படிக்கப் போய் அவர் வீட்டில் தங்கியிருந்தபோது என்னையும் இழுத்துக்கொண்டு போவார். காது விறைக்கும் குளிரில், உட்கார இடமில்லாத படிகளில் நின்று, தோற்பதையே வழக்கமாக வைத்திருந்த ஒரு டீமுக்காகத் தொண்டை கட்டக் கத்தியிருக்கிறேன். கல்யாணமாகி கலிஃபோர்னியாவில் சன்னிவேலுக்கு வந்த பிறகும் திங்கட்கிழமை ஆபீசில் நான் முதலில் தேடுவது அந்த ரிசல்ட்டைத்தான்.

இங்கிலாந்தில் டீம்களைத் தட்டுத் தட்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மேல் தட்டில் ஆடுகிறவர்களைத்தான் உலகத்துக்குத் தெரியும். எங்கள் டீம் மேலிருந்து மூன்றாவது தட்டில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தது. சீசன் முடிவில் முதல் இரண்டு டீம்கள் நேராக மேலே ஏறிவிடும். அடுத்த நான்கும் தங்களுக்குள் மோதி, அதில் ஜெயிக்கிற ஒன்று மட்டும் கூடவே ஏறும். அந்தக் கடைசி மோதல் நடப்பது லண்டனில் உள்ள வெம்ப்ளி மைதானத்தில். அந்த ஆண்டு, யாரும் எதிர்பாராமல், எங்கள் டீம் அதுவரை போய்விட்டது.

"நீயாவது சொல்லும்மா. நான் சொன்னா காதுலயே வாங்கறதில்ல. எக்ஸைட்மென்ட் கூடாதுன்னு கார்டியாலஜிஸ்ட் படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கார். இவர் டிக்கெட் வாங்கிட்டு வந்து நிக்கறார்" என்றார் அண்ணி.

அண்ணனைக் கூப்பிட்டேன்.

"ஏய் கழுதை, நீயே போகாதேன்னு சொல்றியா? நீ அந்தப் படியில நின்னு அழுதவதானே?"

"அண்ணா, மூணு மாசம்கூட ஆகல."

"வீட்ல உக்காந்து ரேடியோ கேட்டா மட்டும் என் ஹார்ட் சும்மா இருக்குமா? அங்கயாவது ஆம்புலன்ஸ் வாசல்லயே நிக்கும்."

கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். அண்ணியும் கூடப் போவது, நடைபாதையை ஒட்டிய சீட்டில் உட்காருவது, எழுந்து குதிப்பதில்லை. ஃபுட்பால் என்றாலே முகம் சுளிக்கும் அண்ணி, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மேட்ச் பார்க்கப் புறப்பட்டார்.

அங்கே மாலை ஆட்டம் என்றால் எங்களுக்குக் காலை. லாங் வீக்கெண்ட் ஆனதால் தெருவே அடங்கிக் கிடந்தது. அந்த ஊர் ரேடியோ வர்ணனையை யாரோ ஒரு புண்ணியவான் இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டிருந்தார். என் கணவர் கம்ப்யூட்டரைப் போட்டு, மோடம் கீச்சிட்டு முடித்ததும், திக்கித் திணறி ஒரு குரல் வந்தது. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே டெலிபோன் லைன். இன்டர்நெட் ஓடினால் போன் வராது. அப்போது நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அரை மணி நேரத்துக்குள் எங்கள் டீம் ஒரு கோல் வாங்கியது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கோல் விழுந்ததற்காக இல்லை, அண்ணன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்து. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் எப்படியோ ஒன்று திருப்பிப் போட்டார்கள். வர்ணனையாளர் போட்ட கூச்சலில் ஸ்பீக்கர் கரகரத்தது. நான் சந்தோஷப்படுவதற்குப் பதிலாக, "ஐயோ, அண்ணன் எழுந்து குதிச்சிருப்பாரே" என்றேன்.

"அண்ணி பிடிச்சு உக்கார வெச்சிருப்பாங்க. நீ மொதல்ல உக்காரு" என்றார் கணவர்.

எக்ஸ்ட்ரா டைமிலும் முடிவு வரவில்லை. பெனால்டி ஷூட்-அவுட், அதாவது இரு டீமும் மாறி மாறி ஐந்தைந்து தடவை கோலை நோக்கி உதைக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் நடுவில் கூடி நிற்கும்போது, நேரத்தை ஓட்டுவதற்காகப் பேசிக்கொண்டிருந்த வர்ணனையாளர் குரலைத் தாழ்த்தினார். நம் ரசிகர்கள் இருக்கும் பக்கத்தில் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது, ஸ்ட்ரெச்சர் போகிறது, நடைபாதைக்குப் பக்கத்தில் என்று தெரிகிறது, நடுத்தர வயதுக்காரர், அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொள்வோம், என்றார்.

அதோடு குரல் நின்றுவிட்டது. திரையில் 'பஃபரிங்' என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில ஜனம் இருக்கும். நம்ம ஆளாத்தான் இருக்கணுமா?" என்றார் கணவர். ஆனால் அவர் குரலும் சரியாக இல்லை.

"லைனைக் கட் பண்ணுங்க. அண்ணி போன் பண்ணுவாங்க."

"பெனால்டி?"

"கட் பண்ணுங்க!"

அவர் மோடம் வயரையே உருவிவிட்டார். வருஷக்கணக்காக நாங்கள் காத்திருந்த அந்த உதைகள் எல்லாம் எங்களுக்குத் தெரியாமலேயே நடந்து முடிந்தன. எனக்கு அந்த நேரத்தில் எந்த டீம் எந்தத் தட்டில் இருந்தாலும் கவலையில்லை. அண்ணன் வீட்டு நம்பரைப் போட்டேன், அங்கே யாரும் இல்லை என்று தெரிந்தே. சத்தம் கேட்டு எழுந்து வந்த மகள், "இஸ் மாமா ஓகே?" என்று கேட்டாள். "தெரியலடா" என்று மட்டும் சொன்னேன்.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன்.

"என்னம்மா, எழுந்துட்டியா? சாயங்காலம் பாட்லக்குக்குப் புளியோதரை நீ கொண்டு வரியா, இல்ல நானே பண்ணிடட்டுமா?" ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் அன்றைய விருந்துக்காகக் கூப்பிட்ட, பக்கத்து ஊர் ஃப்ரீமான்ட் ஆன்ட்டி.

"ஆன்ட்டி, ப்ளீஸ், அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ.

மறுபடி அடித்தது. இந்த முறை முதலில் கேட்டது ஒரு பெரிய இரைச்சல். பிறகு பொது டெலிபோனில் காசு விழும் சத்தம். பிறகு அண்ணி, நான் அதுவரை கேட்டே இராத ஒரு குரலில்:

"ஜெயிச்சுட்டோம்மா! ஜெயிச்சுட்டோம்!"

"அண்ணி, அண்ணன் எங்க?"

"என்ன? சத்தமா சொல்லு!"

"அண்ணனுக்கு என்ன ஆச்சு? ஸ்ட்ரெச்சர்ல யாரையோ தூக்கிட்டுப் போனாங்களே!"

"ஓ, அதுவா. அது இவர் இல்லம்மா. எங்களுக்கு முன்னாடி உக்காந்திருந்தவர். அப்படியே சரிஞ்சுட்டார். இவர் சீட்டுமேல ஏறிக் குதிச்சு ஓடறார். நீங்களே பேஷன்ட், உக்காருங்கன்னு நான் கத்தறேன். கேட்டாத்தானே? ஸ்ட்ரெச்சர் கூடவே போயிட்டார்."

நான் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நல்ல சேதி என்று கணவருக்குக் கையால் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணி நிறுத்தவில்லை. "போகும்போது என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? 'நீ வராத, இங்கயே இருந்து பாரு, நம்ம வீட்ல ஒருத்தராவது பாக்கணும்'னார். நான் தனியா உக்காந்து பாத்தேன். பக்கத்து சீட்ல யாரோ ஒரு குண்டம்மா, என் கையைப் பிடிச்சு நசுக்கிட்டா. நானும் அவ கையை நசுக்கினேன். கடைசி பால் உள்ள போனதும் ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழுதோம். ஐயோ, காசு தீரப் போகுது..."

லைன் அறுந்தது.

எங்களுக்குப் பிற்பகல், அங்கே நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், வீடு திரும்பியதும் அண்ணனே கூப்பிட்டார். மருந்தைச் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருப்பதாகச் சொன்னார். அந்த மனிதருக்கு மாரடைப்பு. நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டதால் பிழைத்துவிட்டார். மைதானத்தின் முதலுதவி அறையில் நடந்ததை அண்ணன் நிதானமாகச் சொன்னார்.

"செவுத்துக்கு அந்தப் பக்கம் ஓன்னு ஒரு சத்தம் வருது. நம்ம கூட்டமா, அவங்க கூட்டமான்னு புரியல. அந்த ஆளு ஆக்ஸிஜன் மாஸ்க்கை நகர்த்திட்டு, 'டாக்டர், நீங்க ஓடிப்போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க'ங்கறார்."

"போனீங்களா?"

"பல்ஸைப் பிடிச்சிட்டிருக்கேன், எப்படிப் போறது? வாசல்ல நின்ன நர்ஸை அனுப்பினோம். அவ திரும்பி வர்றதுக்குள்ள எங்க ரெண்டு பேருக்கும் உயிரே போயிடும் போல இருந்தது."

"இத்தனை வருஷம் காத்திருந்து, கடைசியில பாக்காம விட்டுட்டீங்களே அண்ணா."

"நல்லதாப் போச்சு. பாத்திருந்தா ரெண்டு ஸ்ட்ரெச்சர் தேவைப்பட்டிருக்கும்" என்று சிரித்தார். சிரிப்பு இயல்பாக இருந்தது, இடையில் மூச்சு வாங்கவில்லை. நான் அதைத்தான் கவனித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த சீசனிலேயே டீம் பழைய தட்டுக்கு இறங்கிவிட்டது. அண்ணன் அதற்குப் பெரிதாக வருத்தப்பட்டதாக நினைவில்லை. அண்ணிதான் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

ஃபைனல் அன்று அண்ணனிடம் பேசிவிட்டுப் போனை வைத்த பிறகுதான் காலையிலிருந்து நான் பல்கூடத் தேய்க்கவில்லை என்பது உறைத்தது. குளித்துவிட்டு வந்து, மகள் டிவி பார்த்துக்கொண்டிருந்த சோஃபாவில் சும்மா சாய்ந்தேன். அவள் கால்கள் என் மடியில். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. பாட்லக்குக்கு நேரமாகிவிட்டது என்று கணவர் எழுப்பியபோது, "இன்னும் கொஞ்ச நேரம்" என்று சொல்லி மறுபடியும் தூங்கிப்போனேன்.