வலை இழுக்கும் பக்கம்

என் கணவர் படகிலேயே வழுக்கி விழுந்து, விலாவில் அடிபட்டுப் பதினைந்து நாள் வீட்டில் படுத்திருந்தார். "கடல்ல விழாம படகுல விழுந்தானே, சாமி காப்பாத்துச்சு" என்றார் மாமியார். எனக்கு ஆறுதலாக இல்லை. கடலில் விழுந்திருக்கலாம் என்பது மட்டுமே காதில் நின்றது.

நான் வயல் சூழ்ந்த வரிச்சிக்குடிப் பெண். விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு கடலோரக் காரைக்கால்மேட்டுக்கு வந்தவள். அம்மா எப்போதாவது போனில் பேசுவாள், அப்பா பேசுவதில்லை. மகளுக்கு ஒன்றரை வயது. அவர் விடியும் முன் கடலுக்குப் போனால், மீன் ஏலம் முடிந்து வீடு திரும்பும்வரை அவளோடு மட்டும்தான் எனக்கு மனம்விட்டுப் பேச்சு.

ஏன் வழுக்கியது என்று கேட்டேன்.

"தண்ணி நின்னுச்சு. செதிலு, டீசலு எல்லாம் சேந்து ஒரே வழவழப்பு."

எங்கள் ஃபைபர் படகின் தளத்திலிருந்து தண்ணீர் வெளியேற இரண்டே ஓட்டைகள், அதுவும் கட்டைவிரல் அளவில். செதில் அடைத்துக்கொண்டால் அவையும் இல்லை. பக்கத்துக்கு மூன்றாகப் பெரிய ஓட்டைகள் போடலாம், தளத்தில் ரெசின் பசை பூசி, காய்வதற்குள் மணல் தூவினால் கால் வழுக்காது என்றேன். வலியில் சரி என்றாரோ, என் நச்சரிப்புத் தாங்காமல் சரி என்றாரோ தெரியாது.

ஃபைபர் வேலை செய்பவர் சிரித்தார். "அக்கா, ஓட்டைய அடைக்கத்தான் எங்கள கூப்புடுவாங்க. போடச் சொல்லிக் கூப்புட்டது நீங்க ஒருத்தர்தான்."

மாமியார் சிரிக்கவில்லை. "வயக்காட்டுல வாய்க்கா வெட்டுறாப்புல நெனச்சுட்டியாடி? இது கடலு."

எங்கள் வீட்டில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. மணலில் நின்றபடியே, எங்கே ஓட்டை வேண்டும் என்று கை காட்டினேன். வேலை முடிந்ததும் ஃபைபர்காரர் தளத்தில் பத்து வாளித் தண்ணீரை ஊற்றினார். கண்மூடித் திறப்பதற்குள் ஆறு ஓட்டை வழியாகவும் வடிந்துவிட்டது. குழந்தையைத் தூக்கி அவளுக்குக் காட்டினேன். காட்ட வேறு யாரும் இல்லை.

முதல் நாள் கடலுக்குப் போய்த் திரும்பிய கணவர் சட்டையில்லாமல் வந்தார். லுங்கி தொடைவரை நனைந்திருந்தது.

"வலை இழுக்க மூணு பேரும் ஒரே பக்கம் நின்னோம். படகு அந்தப் பக்கம் சாஞ்சுச்சு. ஒன் ஓட்டை வழியா கடலே உள்ள வந்துருச்சு."

"என்ன பண்ணுனீங்க?"

"சட்டையக் கழட்டித் திணிச்சேன்."

நான் பார்த்த படகு எப்போதும் மணலில் நிமிர்ந்து நிற்கும் படகு. வலை இழுக்கையில் அது சாயும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை. மாமியார் நனைந்த லுங்கியை அலசிக் கொடியில் போட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

"அடைச்சிரச் சொல்லட்டுமாங்க?"

"வேணாம். எதிர்ப்பக்கம் தண்ணி நல்லாத்தான் போச்சு. வலை இழுக்குற பக்கத்துக்கு எதாவது யோசி."

பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப் வாங்கி வந்து, கத்தரிக்கோலால் மூன்று துண்டு வெட்டினேன். வலை இழுக்கும் பக்கத்தில், ஒவ்வொரு ஓட்டைக்கும் வெளியே, மேல் விளிம்பை மட்டும் போல்ட் போட்டுத் தொங்கவிட்டோம். உள்ளே நிற்கும் தண்ணீர் தள்ளினால் திறக்கும். கடல் வெளியிலிருந்து அழுத்தினால் மூடிக்கொள்ளும். உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். ரப்பர் படிந்து நின்றது. என் கை கடல் இல்லையே என்றும் கூடவே தோன்றியது.

மறுநாள் அவர் போன பிறகு உலை வைக்கக் கை ஓடவில்லை. குழந்தை "அப்பா, அப்பா" என்று வாசலைக் காட்டும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தேன். வெயில் ஏறிய பிறகு வந்தார்.

"தண்ணி வெளிய போச்சாங்க?"

"போச்சு."

"உள்ள வந்துச்சா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"தூங்க விடு புள்ள."

பழைய சோற்றைச் சாப்பிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் உடனே தூங்கிவிட்டார். கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதங்களைப் பார்த்தேன். கடலுக்குப் போய் வந்த நாளெல்லாம் அவை விரல் முதல் குதிகால்வரை ஊறி, வெளுத்து, சுருங்கிப் போயிருக்கும். இன்று குதிகாலின் ஓரம் மட்டும் வெளுத்திருந்தது. கொஞ்சம் என்றால் இவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன். நாளைக்கும் பார்க்க வேண்டும்.