தம்பிக்குக் கூடுதலாக இருந்தது

அப்போது எனக்கு எட்டு வயது. தம்பிக்கு நான்கு முடிந்திருந்தது. மூன்று வயதில்தான் நடந்தான். பேச்சோ வரவே இல்லை. அப்பாவைத் தூக்கி வளர்த்த அக்காவான என் அத்தை இதற்கெல்லாம் அசரவில்லை. "உங்கப்பனுந்தான் அஞ்சு வயசு வரைக்கும் வாயத் தொறக்குல. இப்பத் தோப்பு பாக்குலியாக்கும்?" என்பாள்.

கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி, பொள்ளாச்சியில் பஸ் மாறி, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போவோம். பஸ் போர்டை அம்மாதான் படிப்பாள். அப்பா எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். முதல் தடவை தம்பிக்கு ரத்தம் எடுத்தார்கள். யாரிடமிருந்து வந்தது என்று பார்க்க, அடுத்த தடவை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எடுத்தார்கள். மூன்றாம் தடவை டாக்டரம்மா ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். தம்பியின் குரோமோசோம் ஒன்றில் சின்னத் துண்டு ஒன்று இரட்டிப்பாக இருக்கிறதாம். நடையும் பேச்சும் பிந்துவது அதனால்தானாம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எங்கள் வீட்டில் எது கூடுதலாக வந்தாலும் சந்தோஷம்தானே படுவார்கள்? இவனுக்கு மட்டும் கூடினால் எப்படிக் குறையும்?

"இதே துண்டு அப்பாகிட்டயும் இருக்கு. அவரை அவ்வளவா பாதிக்கல, பையனைப் பாதிச்சிருக்கு. யார் மேலயும் தப்பில்லை. பேச்சுப் பயிற்சியை உடனே ஆரம்பிங்க" என்றார் டாக்டரம்மா. அப்பா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது, பொள்ளாச்சியில் எனக்கு வழக்கமாக வாங்கித் தரும் கடலைமிட்டாயைக்கூட மறந்துவிட்டார். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

வாசலில் அத்தை காத்திருந்தாள். கூடவே பங்காளி வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். "ஏஞ்சாமி, யாரு பக்கமிருந்து வந்துச்சாமா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பா வாயைத் திறப்பதற்குள், "எங்கூட்டுப் பக்கமிருந்துதானுங்க" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லீம்மா, டாக்டரம்மா அப்பாவத்தான..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் கையில் ஒரு கிள்ளு கிள்ளினாள், அம்மாடி! உயிர் போய்விட்டது.

"நா அப்பவே நெனச்சேன். நம்ம வம்சத்துல ஏது இந்த மாதிரி?" என்றாள் அத்தை. அஞ்சு வயது வரை வாய் திறக்காதவன் கதை அவளுக்கே மறந்துவிட்டது. அம்மா தம்பியின் வாயைத் துடைத்து, அவனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று என்னை மிரட்டுகிறவள்! டாக்டரம்மா சொன்னதை நான்தான் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று குழம்பிப்போனேன்.

சற்று நேரம் கழித்து அப்பாவைத் தேடிப் போனேன். மாட்டுக் கொட்டகையில், தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அதுவரை அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. பாவம், பழி தன் மேல் விழுமென்று பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அழுவாதீங்கப்பா. உங்களால இல்லியாமா. அம்மாவே சொல்லீட்டாங்கல்ல" என்றேன்.

அழுகை நிற்கவில்லை, இன்னும் கூடிவிட்டது. நல்ல சேதிதானே சொன்னேன், இதற்கு ஏன் இப்படி அழுகிறார் என்று விளங்காமல், ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவந்தேன்.